மூன்றாவது போண்டாவுக்குப் பழி

ஒரு மனிதனைப் பழிவாங்க என்னென்ன தேவை என்று யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: ஒரு கிலோ மைதா, ஒரு லிட்டர் பால், இரண்டு ஆப்பிள், கால் கிலோ உலர்திராட்சை, ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் ஈஸ்ட், இரண்டு லிட்டர் கடலை எண்ணெய். 1991-இன் கடைசி வாரத்தில் ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கத்தி, கம்பு எல்லாம் தைரியமுள்ளவர்களின் சாமான். எனக்கு அந்த வசதி கிடையாது. யாராவது குரலை உயர்த்தினால் என் காதுக்குக் கேட்பதற்கு முன்பே முழங்காலுக்குக் கேட்டுவிடும்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பென்னலூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இரும்புத் தகடுகளை அழுத்தி வளைத்து வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் இடம் அது. போல்ட், நட்டு, கையுறை, துடைக்கிற பஞ்சு, சோப்பு, எதுவானாலும் என் கம்பிவலை ஜன்னலுக்கு வந்து சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

நான் பழிவாங்க நினைத்தவர் எங்கள் கேன்டீன் கான்ட்ராக்டர். வாலாஜாபாத்துக்காரர். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல கைமணம். கடைசியில் சொன்னதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

விஷயம் ஒரு போண்டாவில் தொடங்கியது. மாலை நான்கு மணி டீயோடு ஆளுக்கு ஒரு போண்டா என்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். ஒரு பெரிய தட்டில் குவித்து வைத்திருப்பார்கள், அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஏப்ரல் மாதம் ஒருநாள் தட்டு காலியான பிறகும் வெல்டிங் ஆட்கள் மூன்று பேருக்கு போண்டா இல்லை. கான்ட்ராக்டர் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். அவர் பின்னால் அந்த மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால், வேடிக்கை என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிற இருபது பேர். அவர் விரலை நீட்டி என் சட்டைப் பையைக் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

“இன்னா ஸ்டோர் சார், பாக்கெட்டுக்கு வேர்த்துகீது?”

“என் பங்கு ஒண்ணுதான் எடுத்தேன். அதையும் அங்கியே தின்னுட்டேன்,” என்றேன்.

“அப்ப இது இன்னா, நெஞ்சுவலிக்குத் தைலமா? மூணு போண்டா காணம். மூணும் இங்கதான் கீது.”

இருபது பேரும் சிரித்தார்கள். போண்டா கிடைக்காத மூன்று பேரும்கூடச் சிரித்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. “மூணு போண்டாவாண்ட கிளவுஸ் வாங்கினியா?” என்பார்கள். “மூணு போண்டா லீவாம், ஸ்டோர் பூட்டிகீது,” என்பார்கள். ஒருநாள் மேனேஜரே யாரிடமோ போனில், “அந்த மூணு போண்டா கிட்ட கேட்டு…” என்று ஆரம்பித்து, நான் எதிரில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “ஸ்டோர்ல கேட்டு சொல்றேன்,” என்று முடித்தார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியைக் காட்டி ஒரு பெண் இன்னொருத்தியிடம், “இவங்க வூட்டுக்காரர்தான் மூணு போண்டா,” என்று சொன்னதாக வீட்டுக்குத் தகவல் வந்து சேர்ந்தது. தகவலைக் கொண்டுவந்தது என் மனைவிதான்.

எட்டு மாதம் நான் சும்மா இருக்கவில்லை. கேன்டீனுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்னிடம்தான் வாங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு சீட்டு. கான்ட்ராக்டருக்கு மட்டும் மூன்று சீட்டு என்று ஒரு விதி செய்தேன். ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று ஆபீசுக்கு, மூன்றாவது எதற்கு என்று அவர் கேட்டபோது, “அது ரூல்,” என்றேன். மறுநாளிலிருந்து என் டீயில் மட்டும் சர்க்கரை இல்லை. “சார், எனக்கு சர்க்கரை…” என்றால், “அது ரூல்,” என்பார். எட்டு மாதம் கசப்பு டீ குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் கீழே விழுவது போலவும், அவர் வேட்டியைக் கோழி இழுத்துக்கொண்டு ஓடுவது போலவும் மனசுக்குள் படம் ஓடும். கையாலாகாதவன் கனவில் பெரிய ரௌடி.

நவம்பரில் ஹாலந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். புதிதாக வாங்கிய பெரிய பிரஸ் மெஷினை நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போக வேண்டியவர். தகடு வைத்தால் ஒரே அழுத்தில் அப்பளமாக்கிவிடும் மெஷின். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், வெயிலில் முகம் தக்காளி மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதத்தில் மூன்று தமிழ் வார்த்தைகள் கற்றுக்கொண்டார். போண்டா, போதும், நாளைக்கு. கடைசி வார்த்தையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் எலக்ட்ரீஷியன்கள்.

போல்ட்டுக்காகத் தினமும் என் ஜன்னலுக்கு வருவார். என் இங்கிலீஷ் ஸ்டோர் இங்கிலீஷ். சைஸ் என்ன, எத்தனை, இல்லை, இந்த மூன்றுக்கு மேல் போகாது. ஆனாலும் எப்படியோ பேசிக்கொள்வோம். டிசம்பர் பாதியில் ஒருநாள் முகம் வாடி நின்றார். அவர்கள் ஊரில் டிசம்பர் முப்பத்தொன்று அன்று வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி வைப்பார்களாம். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவில் திராட்சையும் ஆப்பிளும் கலந்து உருண்டை உருண்டையாகப் பொரித்து, மேலே சர்க்கரைத் தூளைக் கொட்டித் தின்பார்களாம். அதன் பெயருக்கே எண்ணெய் உருண்டை என்றுதான் அர்த்தமாம். இத்தனை வருடத்தில் அது இல்லாமல் ஒரு புது வருஷமும் அவருக்குப் பிறந்ததில்லையாம்.

நான் ஒரு காலி சீட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். செய்முறையை எழுதினார். எழுதியதோடு விடாமல், இன்ஜினியர் அல்லவா, கீழே ஒரு படமும் வரைந்தார். ஒரு வாணலி. அதற்கு மேலே இரண்டு கரண்டி, எதிரெதிராக. இரண்டுக்கும் நடுவில் ஒரு உருண்டை. அந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினியரின் ஏக்கம் மேனேஜர் காதுக்கும் போயிருந்தது. பிரஸ் மெஷின் முப்பத்தொன்றாம் தேதி ஓடப் போகிறது, அன்று நான்கு மணி டீக்கு அவருடைய ஊர்ப் பலகாரத்தையே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, டீ நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அவ்ளோதானே சார்? நம்ம போண்டாதான். மொளகா போடாம சக்கர போட்டா வெள்ளக்கார போண்டா. நா பாத்துக்கறேன்,” என்றார் கான்ட்ராக்டர்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல், “அது போண்டா இல்ல சார்,” என்றது. யாரடா இவ்வளவு தைரியமாக என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போண்டா மேட்டர்ல ஸ்டோர் சார் சொன்னா சரியாதான் இருக்கும்,” என்றார் கான்ட்ராக்டர். “மூணு மூணா துன்னு பாத்த அனுபவம்.”

சிரிப்பு. எட்டு மாதக் கசப்பு டீ மொத்தமும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறியது.

“எங்க வூட்ல செஞ்சி எடுத்துனு வரேன். நீயும் செய்யி. தொர ரெண்டையும் துன்னு பாத்து எது அவுங்க ஊரு பலகாரம்னு சொல்லட்டும். என்னுதுன்னு சொன்னா, நீ இந்த பெஞ்சு மேல ஏறி நின்னு, அன்னைக்கு போண்டா விஷயத்துல நடந்த உண்மைய எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்.”

“உண்மையவா?”

“உண்மையதான்.”

“சரி. என்னுதுன்னு சொன்னா?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். “மூணு போண்டாவ கோத்து மால போட்டுக்கினு லைன் ஃபுல்லா சுத்தி வரேன்,” என்றேன். கைதட்டல் கூரையில் போய் இடித்தது. மேனேஜரும் தட்டினார். கைதட்டல் அடங்கியதும் என் முழங்கால் ஆரம்பித்தது.

அன்று மாலை விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் மணிமங்கலத்துப் பெண். அதிரசம் சுடுவதில் அவள் வீட்டுக் கை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு நாலு வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுத்தான் அதிரசம் போடுவார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நெஜமா சொல்லுங்க. அன்னைக்கு பாக்கெட்ல எத்தினி இருந்துது?”

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்லலாம். ஆனால் அவள் அப்படிப் பார்க்கும்போது சொல்ல முடியாது.

“ரெண்டு.”

“அப்ப மூணுன்னு சொன்னது தப்புதானே?” என்றாள். அவள் என் பக்கம் என்பது அந்த நொடியில் உறுதியானது. இதைத்தான் எட்டு மாதமாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு என்று சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். எடுக்காத மூன்றாவது போண்டாவுக்கு எப்படிப் பழி சுமப்பது?

சாமான் சேர்ப்பது தனிக் கதை. எங்கள் தெருவில் ஒருவன் கையில் ஆப்பிளோடு போனால் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் இரண்டு ஆப்பிளோடு வந்தபோது எதிர்வீட்டு அம்மா வெளியே ஓடிவந்து, “யாருக்கு இன்னா ஆச்சுப்பா?” என்றார். “ஒருத்தருக்கு சீக்கிரம் ஆவப் போவுது,” என்றேன்.

செய்முறையில் முட்டை இருந்தது. முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. “முட்ட பட்டா அந்த வாணலி மறுபடி வூட்டுக்குள்ள வராது,” என்றாள் மனைவி. முட்டை போயிற்று. ஈஸ்ட்டுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரிக்குப் போனேன். ரொட்டி மாஸ்டர் ஒரு காகிதத்தில் சோப்புத் துண்டு மாதிரி கொஞ்சம் மடித்துக் கொடுத்தார்.

“எத்தினி கிலோ மாவு?”

“ஒண்ணு.”

“அப்ப இதுல கால்வாசி போதும். மிச்சத்த எங்கியாவது தூரமா போடு.”

அந்த ஆள் கான்ட்ராக்டருக்குச் சொந்தமாக இருந்தால்? வேண்டுமென்றே குறைத்துச் சொல்லி என் மாவைச் சாகடிக்கப் பார்த்தால்? பழி தலைக்கேறியவனுக்கு ரொட்டி மாஸ்டர்கூட எதிரிதான். முப்பத்தொன்று அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட் முழுவதையும் கரைத்து விட்டேன். மைதா, சர்க்கரை, உப்பு, எலுமிச்சைத் தோலைச் சீவியது, திராட்சை, பொடியாக நறுக்கிய ஆப்பிள். எல்லாவற்றையும் கலந்து குண்டானில் ஊற்றித் தட்டுப் போட்டு மூடி, சமையலறை மூலையில் வைத்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

“ஏங்க. அது ஏந்துக்கினு வருது.”

போய்ப் பார்த்தேன். தட்டு குண்டானுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன் அடியில் மாவு நாலாபக்கமும் எட்டிப் பார்த்தது. நான் தட்டை அழுத்தினேன். புஸ் என்று ஒரு மூச்சு விட்டு இறங்கியது. கையை எடுத்தேன். மறுபடி ஏறியது. அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். சற்று நேரம் இருவரும் குழவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழவி மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“கல்லயே தூக்குதுங்க,” என்றாள்.

என்ன செய்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இது தெருவுக்கு வழிந்து, பஸ் ஸ்டாண்ட் வரை போய், போலீஸ் வந்து, யார் வீட்டு மாவு என்று கேட்டால், கூட்டத்தில் எவனாவது “மூணு போண்டா வூட்டு மாவு” என்பான். இதுவரைக்கும் யோசித்துவிட்டேன். என் மனைவி அரிசி களைகிற பெரிய அண்டாவைக் கொண்டுவந்து, என்னைத் தள்ளிவிட்டு, மாவை அதில் கவிழ்த்தாள். அண்டாவில் அது அடங்கிப் படுத்தது.

“மாவுக்கு எடம்தான் வேணும். உங்களுக்கு எதுக்கு அழுவாச்சி?”

பதினொன்றரைக்கு எண்ணெய் காய்ந்தது. பொங்காமல் இருக்க ஒரு சிட்டிகைப் புளியை அதில் போட்டு எடுத்தாள். பொரிப்பது நான்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பழியை வாடகைக்கு ஆள் வைத்துத் தீர்க்க முடியுமா? அவளும் ஒரு நிபந்தனை போட்டாள்.

“பலகாரம் போடும்போது பேசக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. கண்ணு பட்டா பிரிஞ்சிடும். அதிரசத்துக்கு அப்பிடித்தான், இதுக்கும் அப்பிடித்தான்.”

எங்கள் சமையலறையில் ஒரு ஆள் அடுப்பைப் பார்த்து நின்றால் இன்னொரு ஆள் அவன் முதுகைப் பார்த்துத்தான் உட்கார முடியும். நான் கையை நனைத்து, போண்டாவுக்குக் கிள்ளிப் போடுகிற மாதிரி மாவைக் கிள்ளிப் போட்டேன். எண்ணெயில் விழுந்ததும் அது தானே உருண்டு, தானே திரும்பி, எலுமிச்சம்பழ அளவிலிருந்து சாத்துக்குடி அளவுக்கு ஊதியது. முதல் உருண்டையை அடுப்புக்குக் கொடுத்தேன். மீதியைச் சிவக்கச் சிவக்க ஜல்லிக்கரண்டியில் அள்ளி, திரும்பாமல் பின்னால் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னால் ‘ச்ச்ச்’ என்று சத்தம். எண்ணெய் வடிகிறது என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரம் பேசாமல் நீட்டினேன், அவள் பேசாமல் வாங்கினாள். வாணலியில் ஒவ்வொரு உருண்டையும் பொன் பந்து மாதிரி மிதக்கும்போது கான்ட்ராக்டர் பெஞ்சின் மேல் ஏறுவதைப் பார்த்தேன். ஒரு ஈடுக்கு ஒரு தடவை அவரை ஏற்றி இறக்கினேன்.

கடைசி ஈடு முடிந்து அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

பெரிய டின் நிறைய தட்டைகள். வட்டவட்டமாக, விரல் கனத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு உருண்டை மிச்சமில்லாமல். அவள் மடியில் ஒரு மரப்பலகை, கையில் இரண்டு கரண்டி. கடைசி உருண்டையை இரண்டுக்கும் நடுவில் வைத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட அழுத்திக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி பண்ணி வச்சிக்கிற?”

“அதிரசத்த அழுத்தாம எடுப்பாங்களா? எம்மா எண்ணெ குடிச்சிகீது பாருங்க.” பிழிந்த எண்ணெய் நிறைந்திருந்த கிண்ணத்தைக் காட்டினாள். “அதான் அவரே வரஞ்சி குட்த்துகிறாரே.”

சுவரில் ஆணியில் குத்தியிருந்த சீட்டைக் காட்டினாள். வாணலி. எதிரெதிராக இரண்டு கரண்டி. நடுவில் ஒரு உருண்டை. மாவை ஒரு கரண்டியில் அள்ளி இன்னொன்றால் எண்ணெயில் தள்ள வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் வரைந்த படம். கையாலேயே கிள்ளிப் போட்டுப் பழகிய எனக்கு அந்தக் கரண்டிகள் தேவைப்படவில்லை. தேவைப்படாத கரண்டிகளுக்கு அவள் அவளுக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறாள். மறுபடி சுட மாவு இல்லை, நேரம் இல்லை. மணி இரண்டு.

“உருண்டயா இருக்கணுமாடி. பேரே எண்ணெ உருண்ட.”

அவள் டின்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். “மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? பேசக் கூடாதுன்னா கண்ண காட்டக் கூடாதா?” என்றாள். பிறகு, அவள் குற்றத்தை ஒப்புக்கொள்கிற முறையில், மிக்சியில் அரைத்த சர்க்கரை முழுவதையும் அவற்றின் மேல் கொட்டினாள்.

டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டினேன். பென்னலூர் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் மிதிக்க இருபது நிமிடம். அன்று ஒரு மணி நேரம் ஆனது. இடையில் மூன்று இடத்தில் இறங்கினேன். முதல் இடத்தில் டின்னை ஏரியில் போட்டுவிட்டு, லாரி இடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டாவது இடத்தில், உண்மையாகவே ஏதாவது லாரி லேசாக இடிக்குமா என்று பார்த்தேன். மூன்றாவது இடத்தில், போண்டா மாலை கழுத்தில் சுடுமா, ஆறின பிறகு போடுவார்களா என்று யோசித்தேன். கான்ட்ராக்டர் மேல் இருந்த கோபம் மட்டும் குறையவில்லை. பயம் அதிகமாக ஆக, அதுவும் கூடவே ஏறியது. இவர் மட்டும் மூன்று என்று சொல்லாமல் இருந்திருந்தால், நான் இந்த வெயிலில் தட்டை உருண்டையோடு நின்றுகொண்டிருப்பேனா?

நான்கு மணிக்கு மொத்த ஷிப்ட்டும் கேன்டீனில் கூடிவிட்டது. காலையில் பிரஸ் மெஷின் ஒழுங்காக ஓடிவிட்டதால் மேனேஜர் முகத்தில் வெளிச்சம். மேஜையின் ஒரு பக்கம் கான்ட்ராக்டரின் தட்டு. வாழையிலை மேல் கோபுரமாக அடுக்கிய உருண்டைகள். அத்தனையும் ஒரே அளவு, ஒரே நிறம், ரப்பர் பந்து மாதிரி. இன்னொரு பக்கம் மூடிய என் டின்.

இன்ஜினியர் முதலில் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒன்றை எடுத்தார். கடித்தார். மென்றார். மரியாதையாகத் தலையாட்டினார்.

“போண்டா,” என்றார். இன்னொன்றை நீட்டிய கான்ட்ராக்டரிடம், “போதும்,” என்றார்.

அடுத்து என் டின். நான் மூடியைத் திறந்தேன். சர்க்கரைத் தூள் கொஞ்சம் எழுந்து அடங்கியது.

அவர் ஒன்றை விரல் நுனியில் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஷெட்டில் நின்ற புது பிரஸ் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேனேஜரிடம் ஏதோ கேட்டார்.

“இத காலையில என் மெஷின்ல வச்சி ஓட்டினது யாருன்னு கேக்கறார்,” என்றார் மேனேஜர்.

நூறு பேர் சிரித்தார்கள். கான்ட்ராக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். “மூணு போண்டாவ கோக்க ஊசி எட்த்தாங்கடா,” என்றார்.

சிரிப்பு ஓய்வதற்குள் இன்ஜினியர் கடித்துவிட்டார். ஒரு வாய். தாடை நின்றது. மறுபடி மெல்ல அசைந்தது. ஆப்பிள் துண்டு அகப்பட்டிருக்க வேண்டும். மீசையெல்லாம் சர்க்கரையோடு கண்ணை மூடிக்கொண்டு அதை முடித்தார். கண்ணைத் திறக்காமலேயே டின்னுக்குள் கையை விட்டு இன்னொன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. நான்காவதில்தான் பேசினார். மேனேஜர் மொழிபெயர்த்தார்.

“கண்ண மூடிக்கிட்டா எங்க வீடு. கண்ண தொறந்தா ரோடு ஆக்சிடென்ட். ஆனா இதுதான்னு சொல்றார். இதுதான் அவங்க ஊர் பலகாரம்.”

இன்ஜினியர் என் தோளைத் தொட்டு, “நாளைக்கு?” என்றார். கேள்வியாக. அவருக்குத் தெரிந்த மூன்றாவது வார்த்தை.

அந்தக் கணத்தை விவரிக்க ஆசை. ஆனால் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நான் கான்ட்ராக்டரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “பெஞ்சு,” என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. எட்டு மாதம் சர்க்கரையில்லாமல் காய்ந்த குரல். “ஏறு.”

கூட்டமும் சேர்ந்துகொண்டது. “ஏறு, ஏறு.” கான்ட்ராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் பெஞ்சின் மேல் ஏறினார். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

“உண்மைய சொல்லணும்னுதான் பேச்சு,” என்றார். “சொல்றேன். அன்னைக்கு மூணு போண்டா கொறஞ்சிது. அதுல ஒண்ணு என் கையிலருந்து நழுவி கீய வுழுந்து, நாய் தூக்கினு போச்சு. வெளிய சொன்னா எனக்குக் கேவலம். அத்தையும் ஸ்டோர் சார் தலையில கட்டிட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிக்கணும். அவரு மூணு போண்டா எடுக்கல.”

நான் தலையை நிமிர்த்தினேன். வெல்டிங் ஆட்களைப் பார்த்தேன். மேனேஜரைப் பார்த்தேன். நாயாம். எட்டு மாதம் ஒரு நாயின் பெயரைச் சுமந்திருக்கிறேன்.

கான்ட்ராக்டர் இறங்கவில்லை.

“ரெண்டுதான் எடுத்தாரு,” என்றார். “அந்தப் பைய பாத்தப்பவே எனக்குத் தெரியும். அதுல ரெண்டுக்கு மேல போவாது.”

உண்மையைச் சொல் என்று கேட்டது நான்தான். மறுக்க வாயைத் திறந்தேன். ஆனால் எட்டு மாதமாக இரண்டுதான், இரண்டுதான் என்று உள்ளுக்குள் சொல்லிப் பழகிய வாய் அது. வேறு எதுவும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்ஜினியர் எதற்கென்று தெரியாமலேயே, கையில் ஐந்தாவதை வைத்துக்கொண்டு, அவரும் சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே நின்றாள்.

“இன்னா ஆச்சுங்க?”

“ஒண்ணு கொறஞ்சிது,” என்றேன்.

புது வருஷத்தில் ஷிப்ட்டில் எல்லோரும் என்னை ரெண்டு போண்டா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாம் தேதி கான்ட்ராக்டர் சோப்புக்காக என் ஜன்னலுக்கு வந்தார். வழக்கம்போல மூன்று சீட்டு எழுதி நீட்டினார். நான் அவற்றை வாங்கி, நிதானமாக எண்ணி, ஒன்றை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“இனிமே ரெண்டு போதும்,” என்றேன். “அது ரூல்.”